கூட்டம் போடுவதற்கு முன்னால் கோலமாவு வாங்குங்கள்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வெண்ணாற்றுக்குக் கிழக்கே அவளுக்கு ஒரு துணை சுகாதார நிலையம். "அக்கா, டெங்குக் கூட்டம், தண்ணிக் கூட்டம், எதைப் போட்டாலும் நாலு பேருதான் வர்றாங்க. போட்டோ எடுத்து அனுப்பக்கூட ஆள் பத்தல. நான் பேசுறது சரியில்லையா?" என்று கேட்டாள். அரைமணி நேரம் பேசினோம். வைத்த பிறகுதான், சொல்லாமல் விட்டது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவளுக்கும், அவளைப் போலப் பை தூக்கிக்கொண்டு புதிதாக ஊருக்குள் போகிற எல்லாருக்கும் இதை எழுதுகிறேன்.

நான் 1991-ல் சேர்ந்தவள். 31 வருட வேலையில் பெரும்பகுதி கோரையாற்றங்கரை ஊர்களில் போயிற்று. முதல் கூட்டத்தை அந்த வருட ஐப்பசியில் போட்டேன். விஷயம் வயிற்றுப்போக்கு, உப்பு சர்க்கரைக் கரைசல். இடம் மாரியம்மன் கோயில் மண்டபம். நேரம் காலை பதினோரு மணி. வந்தவர்கள் தலையாரி, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், திண்ணையிலிருந்து எழுந்து வந்த இரண்டு பெரியவர்கள். குழந்தைக்குக் கரைசல் கொடுக்க வேண்டிய ஒரு பெண்கூட இல்லை.

மறுநாள் வரப்பில் நடந்துபோகும்போது, நடவு நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா இடுப்பை நிமிர்த்திக் கேட்டார்: "நடவு நேரத்துல பதினோரு மணிக்கு யாரும்மா கரையேறி வருவா? அப்படியே வந்தாலும் அந்த மண்டபத்துக்குள்ள எங்க தெரு ஆளுங்க வரலாமா?" நான் படித்த பாடப் புத்தகத்தில் 1978-ம் ஆண்டு அல்மா ஆட்டா பிரகடனம் இருந்தது, ஆரம்ப சுகாதாரம் பற்றி உலக நாடுகள் கூடி வெளியிட்டது. தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமை என்று அதில் சொல்லியிருக்கிறது. பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அது என்னவென்று விளங்கியது அந்த வரப்பில்தான்.

முதலில் ஊரின் காலண்டர்

உங்கள் கையில் துறை கொடுத்த மாதாந்திர அட்டவணை இருக்கும். அதன் பக்கத்தில் ஊரின் அட்டவணையை எழுதுங்கள். டெல்டாவில் அது மேட்டூரிலிருந்து தொடங்குகிறது. ஜூன் 12-ல் அணை திறந்தால் குறுவை. அது முடிவதற்குள் சம்பா நாற்றங்கால், நடவு. குறுவை அறுத்த வயலில் தாளடி. ஆவணியிலிருந்து கார்த்திகை வரை நடவும் களையெடுப்பும் மாறி மாறி ஓடும். விடியற்காலையில் சோறு கட்டிக்கொண்டு போகும் பெண்களை வீட்டில் பார்க்கவே முடியாது. தை, மாசியில் அறுப்பு. அதன் பிறகு உளுந்தும் பயறும் எடுக்கும் வேலை. அதுவும் முடிந்த பங்குனிக் கடைசியிலிருந்து ஆனி வரைக்கும்தான் ஊருக்கு மூச்சுவிட நேரம். பெரிய வேலை எதுவானாலும், அதாவது ஊர் வரைபடம் போடுவது, குழு அமைப்பது, தொட்டியைப் பழுது பார்க்கச் சொல்லி மனு போடுவது எல்லாம், அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடவு மாதங்களில் கூட்டமே வேண்டாம். நீங்கள் போங்கள். நூறு நாள் வேலை நடக்கும் வாய்க்கால் கரையில் மத்தியானச் சோற்றுக்கு உட்காரும் கால்மணி நேரம் போதும். மகளிர் குழுவுக்கு மாதம் ஒரு தேதி இருக்கும், பணம் கட்ட எல்லாரும் வந்தே தீருவார்கள். அங்கே போய் உட்கார்ந்து, அவர்கள் கணக்கு முடிந்த பிறகு பத்து நிமிடம் கேளுங்கள். கணக்குக்கு முன்னால் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். கட்டுப் பணத்தைக் கையில் பொத்தி வைத்திருப்பவர் காதில் எதுவும் ஏறாது.

தனிக் கூட்டம் என்றால் சாயங்காலம் ஆறரை, ஏழு மணி. உலை வைத்துவிட்டு வரலாம், பிள்ளைகளையும் கூட்டி வரலாம்.

எந்தத் தெருவில் உட்காருகிறீர்கள்

இதை நம் பயிற்சி வகுப்புகளில் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன். நம் ஊர்களில் பொது இடம் என்று பெயர் வைத்த இடமெல்லாம் எல்லாருக்கும் பொது இல்லை. கோயில் மண்டபத்திலோ பெரிய வீட்டுத் திண்ணையிலோ கூட்டம் வைத்தால், குடியானத் தெரு வரும், கீழத்தெருவும் காலனியும் வராது. யாரும் தடுக்க வேண்டியதில்லை. வரமாட்டார்கள், அவ்வளவுதான். வயிற்றுப்போக்கும் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த பிள்ளையும் எந்தத் தெருவில் அதிகம் என்று உங்கள் பதிவேட்டைப் பாருங்கள். கூட்டத்தை அங்கே வையுங்கள்.

அந்தக் கூட்டம் முடிந்த பிறகு மற்றத் தெருக்களுக்குப் போங்கள். வரிசை முக்கியம். முதலில் மேலத்தெருவில் பேசிவிட்டுப் பிறகு காலனிக்குப் போனால், "அங்க முடிவு பண்ணிட்டு இங்க சொல்ல வந்திருக்காங்க" என்று நினைப்பார்கள். அந்த நினைப்பு தப்பும் இல்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார வேண்டிய நாள் வரும்போது அங்கன்வாடி, பள்ளிக்கூட மைதானம், மேல்நிலைத் தொட்டியடி இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாற்காலி போட்டால் எல்லாருக்கும் போடுங்கள். இல்லையென்றால் நீங்களும் பாயில் உட்காருங்கள். சிலருக்கு மட்டும் நாற்காலி என்பதை நான் ஒருமுறை அனுமதித்தேன். அந்தத் தெருப் பெண்கள் இரண்டு வருடம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோலமாவு

நான் கண்ட வழிகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு கிலோ கோலமாவு, ஒரு பிடி புளியங்கொட்டை, உடைந்த செங்கல் துண்டுகள், கொஞ்சம் பூ. இவ்வளவுதான் செலவு. தெருவில் விளக்குக் கம்பத்தடியில் தண்ணீர் தெளித்து இடம் பண்ணச் சொல்லுங்கள். "உங்க ஊரை எனக்குப் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கோலமாவை அவர்கள் கையில் கொடுங்கள். திரும்ப வாங்காதீர்கள்.

2008 சித்திரையில் ஒரு காலனியில் இப்படிக் கேட்டபோது, முன்வரிசையில் இருந்த மகளிர் குழு ஊக்குனர் டப்பாவை வாங்கி, ஒரு நிமிடம் தயங்கிப் பின்னால் நீட்டினார். சுவரோரமாக நின்ற ஒரு மருமகள், கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். முதலில் வாய்க்கால். பிறகு பாலம், ரேஷன் கடை, தொட்டி. தெருவை இழுக்க ஆரம்பித்ததும் மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. "ஏய், வளைவு அங்க இல்லடி, பூவரசு மரத்துக்கிட்ட." ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்தாள். வெளித் தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த கிழவர், தன் வீட்டை விட்டுவிட்டார்கள் என்று சண்டை பிடித்துப் புள்ளி வாங்கினார்.

அந்த மாதம் வயிற்றுப்போக்கு வந்த வீட்டுக்குச் செங்கல் துண்டு வைக்கச் சொன்னேன். ஆறு மாதத்துக்கு மேலான கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குப் புளியங்கொட்டை. தடுப்பூசி விட்டுப்போன பிள்ளை வீட்டுக்கு வேப்பிலை வைக்கலாம் என்று கொண்டுபோயிருந்தேன். ஒரு பாட்டி கையைப் பிடித்துவிட்டார். "வேப்பிலை வேணாம் நர்ஸம்மா, அம்மை கண்ட வீடுன்னு ஆயிடும்." அவர் சொன்னது முழுக்கச் சரி. செம்பருத்திப் பூ பறித்து வந்து வைத்தோம்.

எல்லாம் வைத்த பிறகு பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். இது கஷ்டம், நமக்குப் பேசியே பழக்கம். ஆனால் இருங்கள். அன்றைக்குச் செங்கல் துண்டுகள் பதினொன்று. அதில் ஒன்பது, தெருவின் தெற்குக் கோடியில் ஒரே கொத்தாகக் கிடந்தன. நான் என் பதிவேட்டில் அந்தப் பதினொன்றையும் வரிசை எண் போட்டு எழுதியிருந்தேன், கொத்து கண்ணில் படவில்லை. கோலத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பட்டது. "அங்கதான வால்வு குழி இருக்கு" என்றாள் கோலம் போட்ட மருமகள். இன்னொருத்தி சொன்னாள்: "தண்ணி விட்டதும் முதல் ரெண்டு குடம் நாத்தமா வரும், கொட்டிட்டுத்தான் பிடிப்போம்."

மறுநாள் காலை போய்ப் பார்த்தோம். கேட் வால்வு குழி முழுக்கச் சாக்கடை. குழாயில் தண்ணீர் ஓடும்போது உள்ளே அழுத்தம் இருக்கும், கசிவு இருந்தால் நல்ல தண்ணீர் வெளியே வரும். தண்ணீரை நிறுத்தியதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, அதே ஓட்டை வெளியே நிற்கும் சாக்கடையை உள்ளே உறிஞ்சும். யாராவது வீட்டில் மோட்டார் போட்டு இழுத்தால் இன்னும் மோசம். இதை அந்தக் குழியின் ஓரத்தில் நின்று, தொட்டி ஆபரேட்டரே பெண்களுக்கு விளக்கிச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா தெரியாது, அவர் அந்தத் தெருப் பிள்ளை. குழியை இறைத்து, வால்வின் கசிவை அடைத்து, சுற்றிலும் ஒரு அடி உயரத்துக்குக் கட்டு எழுப்ப மூன்று வாரம் ஆயிற்று. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு நான் அதற்கு முன்னால் இரண்டு முறை கடிதம் எழுதியிருந்தேன், பதில் வரவில்லை. இந்த முறை இருபது பெண்கள் போனார்கள்.

ஒரு எச்சரிக்கை. தெருவில் எல்லார் கண்ணிலும் படும் கோலத்தில் எல்லாவற்றையும் வைக்கக் கூடாது. காசநோய், எச்.ஐ.வி., மனநலம், கருக்கலைப்பு இவை உங்கள் பதிவேட்டோடு நிற்கட்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட கர்ப்பத்தை நம் பெண்கள் மாமியாரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் பிக்மியில், அதாவது கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளத்தில், பதிய வேண்டியது உங்கள் பொறுப்பு, அதை வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யுங்கள்.

தண்ணீரைச் சோதிக்கும் வேலை யாருடையது

வரைபடம் போட்ட கையோடு ஒரு வேலையை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அறிவுரை கொடுத்தால் கூட்டம் கலைந்துவிடும், வேலை கொடுத்தால் கூடும். நான் குளோரின் சோதனையைக் கொடுத்தேன்.

கிருமி சாகத் தொட்டியில் போடும் பவுடரின் கணக்கு எளிது. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். பை பிரித்து நாளான பவுடரில் வீரியம் போயிருக்கும், மூக்கில் சுள்ளென்று ஏறாவிட்டால் சந்தேகப்படுங்கள். சோதனையைத் தொட்டியடியில் செய்து பயனில்லை, கடைசி வீட்டுக் குழாயில் செய்ய வேண்டும். அங்கே குளோரின் குறைந்தது 0.2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், இருக்க வேண்டும், நோய் பரவும் நேரத்தில் 0.5.

குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் பெட்டியைக் கடைசி வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்தேன். சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாகும், பெட்டியில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டு, சுவரில் தேதி போட்டுக் கரித்துண்டால் எழுதுவாள். நிறம் வராத அன்று அவள் அம்மா நேராக ஆபரேட்டர் வீட்டு வாசலுக்குப் போய்விடுவார். நான் மாதம் இருமுறை போய்ப் பார்த்து எழுதிய காலத்தைவிட, அந்தச் சுவர் எழுத்து வந்த பிறகுதான் தொட்டியில் பவுடர் ஒழுங்காக விழுந்தது.

யார் சொன்னால் கேட்பார்கள்

ஊராட்சித் தலைவரைப் பார்க்காமல் எதுவும் செய்யாதீர்கள், மரியாதை அது. ஆனால் அவரோடு நிறுத்திவிடாதீர்கள். "ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்னா முதல்ல யார் வீட்டுக் கதவைத் தட்டுவீங்க?" என்று பத்து வீட்டில் கேளுங்கள். இரண்டு மூன்று பெயர் திரும்பத் திரும்ப வரும். பழைய மருத்துவச்சி, டீக்கடைக்காரர் மனைவி, குழு ஊக்குனர், மருந்துக்கடைப் பையன். அவர்கள்தான் உங்கள் ஆட்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, மகளிர் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களை உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களாக நடத்தாதீர்கள். அந்தத் தெருவைப் பற்றி அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் வந்தபோது இது கைகொடுத்தது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி. வாட்ஸ்அப்பில் யார் யாரோ பேசிய குரல் பதிவுகள் வந்து, பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் பகுதியில் ஒரு பள்ளியில் முதல் நாள் பாதிப் பிள்ளைகள்கூட ஊசி போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குரல் பதிவு பொய் என்று நான் ஒலிபெருக்கி வைத்துக் கத்தியிருந்தால் பயம் கூடியிருக்கும். அதற்குப் பதிலாக, தயங்கிய தாய்மார்களிடமே கேட்டேன்: "யார் வந்து சொன்னா மனசு ஆறும்?" ஒரு தெருவில், தன் சொந்தப் பேரனுக்குப் போட்டுக்காட்டச் சொல்லி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைச் சொன்னார்கள். முஸ்லிம் தெருவில் ஜமாத் பெரியவர்களைச் சொன்னார்கள். அவர்களிடம் போய் மருந்துப் பெட்டியைத் திறந்து, குப்பியை, காலாவதித் தேதியை, பனிப்பெட்டியை எல்லாம் காட்டி, காய்ச்சலும் வீக்கமும் யாருக்கு வரலாம், வந்தால் என்ன செய்வேன், எந்த எண்ணில் என்னைக் கூப்பிடலாம் என்று ஒளிக்காமல் சொன்னேன். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு அவர்களே அறிவித்தார்கள். வயதான அத்தம்மா ஒருவர் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

பின்விளைவை மறைக்காதீர்கள். கைக்குழந்தைகளுக்கு ஐந்து நோய்களைத் தடுக்கப் போடும் பென்டா ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வரலாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால், காய்ச்சல் வந்த ராத்திரி அந்தத் தாய் உங்களை நம்புவாள். சொல்லாமல் விட்டால், அந்த ஒரு ராத்திரி போதும் ஒரு தெருவையே இழப்பதற்கு.

யானைக்கால் நோய்க்கான இரவு ரத்தப் பரிசோதனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் வட்டாரத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள பழைய உறவு நம் எல்லாருக்கும் தெரியும். அதன் நுண்புழுக்கள் இரவில்தான் விரல்நுனி ரத்தத்துக்கு வரும், அதனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போய்த்தான் விரலில் குத்த வேண்டும். இருட்டில் முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? தெருப் பையன்கள் இரண்டு பேர் டார்ச்சோடு முன்னால் போய், "அத்தே, நான்தான், கதவைத் திற" என்று சொன்னால் திறக்கும். அந்தப் பையன்களின் விரலில் முதலில் குத்துங்கள்.

காசு, கணக்கு, தீர்மானம்

எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை பற்றித்தான் வரும். 18,000 ரூபாயில் எந்தத் தவணை நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று. "அது வேற விஷயம், இன்னைக்கு டெங்கு பத்திப் பேசுவோம்" என்று தள்ளாதீர்கள். பெயர் வாரியாக நிலையை எழுதி எடுத்துப் போய் முதலில் அதைச் சொல்லுங்கள், ஆனால் ஒருவர் விவரத்தை அவரிடம் மட்டும். அதன் பிறகு நீங்கள் சொல்வதைக் கேட்பார்கள்.

கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கு வருடம் 10,000 ரூபாய் ஒதுக்கீடு உண்டு. சிறிய தொகைதான், ஆனால் எதற்குச் செலவு செய்வது என்று குழுவை முடிவு செய்யவிடுங்கள். செலவானதும் கணக்கை அங்கன்வாடிச் சுவரில் ஒட்டுங்கள்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேதிக்கு ஒரு வாரம் முன்னால் பெண்களோடு உட்கார்ந்து தீர்மானத்தை எழுதிவிடுங்கள். "குடிநீர் வசதி செய்து தரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று எழுதினால் அது பதிவேட்டிலேயே தூங்கும். எந்தத் தெரு, எந்த வால்வு, என்ன பழுது, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். படிக்கப்போவது நீங்கள் அல்ல, அந்தத் தெருப் பெண். வீட்டில் இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பழகச் சொல்லுங்கள். தீர்மானம் எழுதியாகிவிட்டதா என்று பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

2018 நவம்பர் 15-ம் தேதி ராத்திரி கஜா புயல் வந்தது. மறுநாள் விடியும்போது தென்னை மரமெல்லாம் சாலையில் கிடந்தது, மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று, 108-க்குப் போன் போகவில்லை, போனாலும் வண்டி வர வழியில்லை. கோலம் போட்ட அந்தக் காலனியில் பெண்கள் 15-ம் தேதி மத்தியானமே பிரசவ தேதி நெருங்கிய மூன்று பேரை டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். யார் யார் என்று என்னைக் கேட்கவில்லை. பட்டியல் அவர்கள் நோட்டில் இருந்தது. டிராக்டருக்கு டீசல் பணம் குழுச் சேமிப்பிலிருந்து. அந்த ராத்திரி நான் வேறு ஒரு முகாமில் மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் அங்கே போய்ச் சேர முடிந்தது.

எட்டு மாத அனுபவக்காரி முந்தாநாள் மறுபடி போன் செய்தாள். கோலம் போட்டாளாம். பதினேழு பெண்கள். ஆனால் அவர்கள் சொன்னது தண்ணீரும் இல்லை, கொசுவும் இல்லை. ஆற்றங்கரைப் பாதையில் விளக்கு எரியவில்லை, ஒதுங்கப் போகும்போது பாம்பு பயம், போன வருடம் ஒருத்தரைக் கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. "அக்கா, தெருவிளக்கு நம்ம வேலை இல்லையே, என்ன சொல்றது?" என்றாள்.

முதலில் விளக்கு என்று சொன்னேன். பதினைந்து நாளுக்குள் அந்த விளக்கு எரிய வேண்டும், பிறகு அதே இடத்தில், அதே கிழமையில் அடுத்த கூட்டம். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருப்பு இருக்கிறது என்று இன்றே போன் செய்து கேட்டு அவர்களிடம் சொல். கடித்த இடத்தை இறுக்கிக் கட்டவும் கீறவும் கூடாது, காலை அசைக்காமல் தூக்கிப் போக வேண்டும் என்பதையும் அந்தப் பாதையில் நின்றே சொல். நாளைக் காலையில் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், எரியாத ஒவ்வொரு கம்பத்திலும் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள். ஊராட்சி செயலரிடம் கொடுக்கும் மனுவில் அந்த எண்கள் இருக்கட்டும்.